பாட்டுச் செய்ய ஆசைப்படும் நம் பிள்ளைகளுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர் வாசித்துவிட்டுப் பிள்ளைகளிடமும் காட்டுங்கள். பாதிக்கு மேல் அவர்களுக்கானதுதான்.

சில மாதங்களாக ஒரே கேள்வி பல வாய்களிலிருந்து எங்களிடம் வருகிறது. "சேர், மியூசிக் செய்யிறதுக்கு எந்த அப் நல்லது?" கேட்பவர்களில் ஒருவன் இடைவேளை முழுக்க மேசையில் தாளம் போடுபவன். ஒருத்தி மீலாத் விழாவில் கஸீதா பாடி எல்லோரையும் அழவைத்தவள். இன்னொருவன் காரைநகர் பஸ்ஸில் இடம் பிடிப்பதைப் பற்றி ராப் எழுதி வைத்திருக்கிறான். ராப் நன்றாகவே இருக்கிறது, கண்டக்டரைப் பற்றிய இரண்டு வரியை மட்டும் எடுக்கச் சொன்னோம். பெற்றோர் பக்கமிருந்து வருவது வேறு மாதிரி. "சேர், இவன் இரவிரவா ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு ஃபோனில என்னவோ தட்டிக்கொண்டிருக்கிறான். என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ." பார்த்தோம். அவன் தட்டிக்கொண்டிருந்தது டிரம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இசை கூடுமா, எதுவரை கூடும் என்ற கேள்விக்கு இங்கே பதில் தேடாதீர்கள். அது உலமாக்களிடம் கேட்க வேண்டியது. அவர்களுக்குள்ளும் ஒரே பதில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வாத்தியமே வேண்டாம் என்று குரல் மட்டும் வைத்து நஷீத் செய்யும் பிள்ளைக்கும் இதே கருவிகள்தான் தேவை. மாஹிர் ஸைனின் பாடல்கள் பல இசையோடு ஒன்று, குரல் மட்டுமாக ஒன்று என இரண்டு வடிவத்தில் வந்திருக்கின்றன. இரண்டையும் செய்யும் மேசை ஒன்றுதான். எந்த வடிவம் என்பதை வீடு முடிவு செய்யட்டும்.

எழுபதுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் பாட்டுப் பாடி இலங்கை முழுக்கக் கலக்கியதை நம் வாப்பாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 'சின்ன மாமியே', 'சுராங்கனி' எல்லாம் அந்தக் காலத்துப் பாட்டுகள். அன்றைக்குப் பாட்டு எங்கேயும் பிறக்கலாம், ஆனால் அது ஊருக்குக் கேட்க வேண்டுமென்றால் கொழும்பு வானொலியின் கதவு திறக்க வேண்டும். பிறகு தொண்ணூறுகளின் முதற்பாதியில் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் கரண்டில் ரேடியோவும் கெசற்றும் கேட்டார்களாம். பக்கத்து வீட்டு அண்ணர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் 30க்குப் பிறகு நாங்கள் புத்தளத்தில் இருந்தோம். சுற்றுகிற கை தளர்ந்தால் பாடகரின் குரலும் இழுபட்டுத் தடித்துப் போகுமாம். அதைச் சொல்லி அவர் இன்றைக்கும் சிரிக்கிறார்.

அந்தக் கையை நினைத்துக்கொண்டு இன்றைய பிள்ளையின் ஃபோனைப் பாருங்கள். முழு ஒலிப்பதிவுக் கூடமே அதற்குள் கிடக்கிறது, காசும் கேட்பதில்லை.

உதாரணம் தூரத்தில் இல்லை. எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம் சிறு வயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, 1986இல் அகதியாக லண்டன் போனவர். அவர் சங்கீதம் முறையாகப் படிக்கவில்லை, படித்தது திரைப்படமும் சித்திரமும். ரோலண்ட் எம்.சி.-505 என்ற ஒரு தாளப் பெட்டியை வைத்து வீட்டிலேயே தட்டித் தட்டிப் பாட்டுகளின் முதல் வடிவத்தைச் செய்தார். 2003இல் 'கலாங்' என்ற முதல் பாட்டு 500 வட்டுகள்தான் அடிக்கப்பட்டது. அந்தப் பாட்டு பரவியதில் இணையத்துக்குப் பெரிய பங்கு உண்டு, யூடியூப் பிறப்பதற்கு முன்பே. 2009இல் அவருடைய 'பேப்பர் பிளேன்ஸ்' கிராமி விருதுப் பட்டியலில் நின்றது. அவருடைய பாட்டும் பேச்சும் எல்லோருக்கும் பிடிக்கும் என்றில்லை, எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. நாங்கள் சொல்ல வருவது அந்தப் பெட்டியைப் பற்றி. அது அன்றைக்கு விலையான சாமான். அதைவிடக் கூடிய வேலை செய்யும் கருவி இப்போது பத்தாம் ஆண்டுப் பிள்ளையின் சட்டைப் பையில் இருக்கிறது.

கொஞ்சம் கிட்ட வந்தால் யொஹானி. 2021இல் சதீஷனோடு பாடிய 'மெனிக்கே மகே ஹித்தே' முன்பே வெளிவந்த ஒரு பாட்டின் மறுபாடல். அதற்குக் கிடைத்த கோடிக்கணக்கான பார்வைகள் யூடியூப் தந்தவை. சிங்களம் தெரியாத இந்தியா முழுக்க அதைப் பாடியது.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

ஃபோன் மட்டும் உள்ள பிள்ளைக்கு நாங்கள் முதலில் சொல்வது பேண்ட்லேப். சிங்கப்பூர் நிறுவனம். ஃபோனிலும் கணினியின் பிரவுசரிலும் திறக்கும், அடிப்படை வேலைகளுக்குக் காசில்லை. நீங்கள் பூகோளம் படிக்கும்போது ஒரு வரைபடத்தின் மேல் டிரேசிங் தாள் வைத்து ஆறுகளைக் கீறி, அதன்மேல் இன்னொரு தாள் வைத்து வீதிகளைக் கீறுவீர்களே, பாட்டும் அப்படித்தான். ஒரு தாளில் தாளம், ஒரு தாளில் குரல், ஒரு தாளில் கீபோர்ட். ஒவ்வொரு தாளையும் தடம் என்பார்கள். குரல் பிழைத்தால் குரல் தாளை மட்டும் கிழித்துவிட்டுத் திரும்பப் பாடலாம், தாளம் அப்படியே இருக்கும். இந்த ஒன்று விளங்கினால் எல்லாச் செயலிகளும் விளங்கும். பெயரும் பொத்தான்களும்தான் மாறும்.

பெற்றோருக்கு இதில் ஒரு குறிப்பு: பேண்ட்லேப் ஒரு கருவி மட்டுமல்ல, முகநூல் மாதிரி ஆட்கள் கூடும் இடமும்கூட. பாட்டைப் பொதுவில் விட்டால் முன்பின் தெரியாதவர்கள் கேட்பார்கள், செய்தி அனுப்புவார்கள். அனுமதி கொடுத்திருந்தால் அதை எடுத்துத் தங்கள் பாட்டாக வளர்க்கவும் முடியும். தொடக்கத்தில் தனிப்பட்டது என்று மாற்றி வைத்திருங்கள். பெண்பிள்ளைகளின் சொந்தப் பெயரும் படமும் அங்கே தேவையே இல்லை.

வீட்டில் பழைய லப்டொப் கிடந்தால் ஒடாசிட்டி. 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் இலவச மென்பொருள். ஒருமுறை இறக்கினால் பிறகு இணையம் வேண்டாம். டேட்டா முடிந்துபோகும் மாதக் கடைசியில் இதன் அருமை தெரியும். பதிவு செய்ய, வெட்ட, ஒட்ட, இரைச்சலைக் குறைக்க இதைவிட எளியதை நாங்கள் காணவில்லை. தாளமும் மெட்டும் கட்ட எல்.எம்.எம்.எஸ். இருக்கிறது, அதுவும் இலவசம், ஆனால் குரல் பதிவுக்கு அது உதவாது. ஆகவே இரண்டையும் சோடியாகப் பிடியுங்கள். ஐஃபோன், ஐபேட் வைத்திருக்கும் வீட்டில் கராஜ்பேண்ட் சும்மா கிடைக்கும். வெளிநாட்டு மாமா கொடுத்துவிட்ட ஐபேட் அலுமாரிக்குள் தூங்கினால் எழுப்புங்கள்.

எல்லோரும் கேட்பது எஃப்.எல். ஸ்டூடியோ. பெல்ஜியத்தில் பிறந்தது, நல்ல சாமான், ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்கப் புதுப்பித்துத் தருகிறார்கள். விலை டொலரில். இலவச முன்னோட்டத்தில் செய்த வேலையைச் சேமிக்கலாம், ஆனால் மூடிய பிறகு திரும்பத் திறக்க விடாது. இதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். "கிராக் இருக்கு சேர்" என்று சொல்லும் நண்பரைப் பற்றி எங்களுக்குத் தெரியும். அந்தக் கோப்புகளோடு வைரசும் வரும். அதைவிட, நாளைக்கு உங்கள் பாட்டை ஒருவன் களவெடுத்தான் என்று வாய் திறக்கவும் முடியாமல் போகும்.

ஒன்றுமே தெரியாது, எங்கே தொடங்குவது என்பவர்கள் ஏபில்டன் நிறுவனத்தின் 'லேர்னிங் மியூசிக்' என்ற இலவசத் தளத்தைத் திறவுங்கள். கட்டங்களைத் தொட்டால் தாளம் வரும், தொட்டுத் தொட்டே பாடம் நகரும். இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு கூகுளின் 'குரோம் மியூசிக் லேப்'. கணக்கு எதுவும் திறக்கத் தேவையில்லை. நாங்கள் பின்னங்கள் படிப்பிப்பதற்கும் இதை ஒருமுறை எடுத்தோம். நாலில் ஒன்று, எட்டில் ஒன்று என்பதைக் காதால் கேட்ட பிள்ளைக்கு அது மறக்கவில்லை.

சில சில்லறை விஷயங்கள். புளூடூத் ஹெட்செட்டில் பதிவு செய்யாதீர்கள், சத்தம் பிந்தி வரும், நீங்கள் தாளத்துக்குப் பின்னால் ஓடுவீர்கள். முந்நூறு, நானூறு ரூபாய் வயர் ஹெட்செட் போதும். மைக் வாங்கக் காசில்லையென்றால் உடுப்பு அலுமாரியைத் திறந்து அதற்கு முன்னால் நின்று பாடுங்கள், தொங்கும் உடுப்பு எதிரொலியைக் குடித்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும், பரவாயில்லை. சத்த அளவுகோல் சிவப்பைத் தொடாமல் பாருங்கள், சிவப்பில் உடைந்த குரலை எந்தச் செயலியும் ஒட்டித் தராது. வேவ் கோப்பு ஒரு நிமிடத்துக்குப் பத்து எம்.பி. வரை பிடிக்கும். 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3 ஆக்கினால் ஒரு எம்.பி. அளவுதான். வேலை செய்யும் பிரதியை வேவில் வைத்திருங்கள், நண்பருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதை மட்டும் சுருக்குங்கள்.

இதெல்லாம் யூடியூப்பில் தேடினால் யாரும் சொல்லித் தருவார்கள். நாங்கள் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

பிள்ளைகள் செய்து கொண்டுவரும் பீட்டுகளை வரிசையாகக் கேட்டபோது எங்களுக்கு ஒன்று உறைத்தது. எல்லாம் ஒரே ஊரில் செய்தது போல இருக்கிறது. அந்த ஊர் யாழ்ப்பாணம் அல்ல. செயலிகள் தரும் ஆயிரக்கணக்கான ஆயத்த லூப்புகளில் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பிய நடனக் கூடங்களின் சத்தம். செயலியைத் திறந்தவுடன் நாலு தட்டுத் தாளம் தயாராக நிற்கும். நம்முடைய பைலாவோ ஆறு தட்டில் ஆடுவது. கீபோர்டில் ஒரு எட்டுக்குப் பன்னிரண்டு சுரம்தான், ஒவ்வொன்றும் தனித்தனிப் படிக்கட்டு. இணுவில் பக்கத்துக் கோயிலிலிருந்து காற்றில் வரும் நாதஸ்வரம் படியில் ஏறுவதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. கிராஅத்தில் வரும் பயாத்தி, றாஸ்த் போன்றவற்றில் இரண்டு படிகளுக்கு இடையிலும் ஒரு இடம் இருக்கிறது. நம் பிள்ளைகளின் காது இதையெல்லாம் கேட்டு வளர்ந்தது. விரல் மட்டும் செயலி தந்த படியில் நிற்கிறது.

இதற்கு வழி அந்தக் கருவிகளுக்குள்ளேயே இருக்கிறது. தாள அமைப்பை ஆறு எட்டாக மாற்றிப் பாருங்கள். சுரத்தை வளைக்கும் 'பிட்ச் பெண்ட்' என்ற பொத்தானைத் தேடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆயத்த லூப்பை மூடிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். கொத்துக் கடையில் இரும்புத் தகடு கல்லில் அடிபடும் சத்தம் போல ஒரு தாளம் எந்தச் செயலியில் இருக்கிறது? காற்றில் உரசும் பனையோலை, குருநகர்க் கரையில் வள்ளம் தள்ளும்போது எழும் குரல், தையல்காரர் மெஷினின் மிதி, பருத்தித்துறை பஸ்ஸின் ஹோர்ன். அரை நிமிடம் பதிந்து ஒடாசிட்டியில் வெட்டினால் அது உங்கள் லூப். உலகத்தில் வேறு யாரிடமும் கிடையாது. (பாங்கையும் ஓதலையும் பீட்டுக்குள் போட வேண்டாம். கோயில் மணியையும் அப்படியே விட்டுவிடுங்கள். அயலவர் மனம் நோகக் கூடாது.)

பார்சலோனாவில் பொம்பெயு ஃபப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய 'ஃப்ரீசவுண்ட்' என்ற தளம் இருக்கிறது. உலகெங்குமிருந்து ஆட்கள் பதிந்த ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சத்தங்கள் அங்கே இலவசம். மழை, ரயில், சந்தை, தவளை என்று எல்லாம் உண்டு. எடுக்கலாம், நம்முடையதைக் கொடுக்கவும் செய்யலாம். ஒவ்வொன்றின் கீழும் உரிமக் குறிப்பு இருக்கும்: சிலது நிபந்தனை இல்லாதது, சிலதுக்குப் பதிந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், சிலதைக் காசு சம்பாதிக்கும் வேலைக்கு எடுக்கக் கூடாது. அந்தக் குறிப்பை வாசிக்காமல் இறக்காதீர்கள். யாழ்ப்பாணம் என்று தேடிப் பாருங்கள். பிறகு உங்கள் தெருவில் எத்தனை சத்தம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

உரிமை என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறோம். எங்களிடம் படித்த ஒருவர் நோன்புக்கு ஒரு பாட்டுச் செய்தார். வரிகள் சொந்தம், குரல் சொந்தம், மெட்டு சினிமாவுடையது. நம் இஸ்லாமியப் பாடல்களில் இது பழைய வழக்கம், மேடையில் யாரும் கேட்டதில்லை. ஆனால் அவர் பாட்டை ஏற்றிய தளத்தின் இயந்திரம் கேட்டது. இரண்டு நாளில் உரிமைக் கோரல் வந்து சத்தம் அணைந்தது. பிள்ளை அழுதேவிட்டார். நம் நாட்டு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை படைத்தவரின் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நிற்கும். மெட்டுக்கும் அது பொருந்தும். சொந்த மெட்டுப் போடுங்கள். மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, ஐந்தாவது மெட்டு நன்றாக வரும்.

காசு வருமா என்று வாப்பாமார் கேட்பார்கள். பெரும்பாலும் வராது. யூடியூப் விளம்பரப் பங்கு தர 1,000 சந்தாதாரரும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் கேட்கிறது, அல்லது குறும்படங்களுக்கு 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. 2024 முதல் ஒரு பாட்டு ஆண்டுக்கு 1,000 தடவை கேட்கப்பட்டால்தான் அதற்குக் கணக்கே எழுதுகிறது. கிரிக்கெட் விளையாடும் பிள்ளையிடம் நாம் சம்பளம் கேட்பதில்லையே. ஓ.எல். முடியட்டும் என்று சொல்லுங்கள், அது நியாயம். கிழமையில் இரண்டு மணி நேரம் என்று எல்லை போடுங்கள், அதுவும் நியாயம். "உதவாத வேலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு வரி எழுதினால் முழுப் பாட்டையும் கொட்டித் தரும் சூனோ போன்ற செயற்கை அறிவுத் தளங்கள் வந்துவிட்ட காலத்தில், ஒரு பிள்ளை உட்கார்ந்து ஒரே தாளத்தை முப்பது தடவை திருத்துகிறது என்றால் அந்தப் பொறுமையைக் கணக்குப் பாடத்துக்கும் திருப்பலாம்.

இன்னொரு விஷயம், எங்கள் மனதில் அதிகம் கிடப்பது. தொண்ணூறில் இரண்டு மணி நேரத்தில் வெளியேறிய வீடுகளிலிருந்து யாரும் கெசற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. கல்யாணத்தில் பாடிய பாட்டு, பிள்ளையைத் தாலாட்டிய பாட்டு, நோன்பில் சஹருக்கு எழுப்பப் பாவா றபான் தட்டிப் பாடிய பைத்து எல்லாம் இப்போது எழுபது, எண்பது வயதானவர்களின் தொண்டையில்தான் இருக்கின்றன. திரும்பி வந்தவர்கள் கொஞ்சம், அவர்களிலும் ஒவ்வொருவராகப் போகிறார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் புத்தளத்தில் பிறந்து வந்தவர்களுக்கும் அந்தப் பாட்டுகளில் ஒரு வரி தெரியாது. இதைப் பதிய ஸ்டூடியோ வேண்டாம். மேலே சொன்ன ஃபோனும் அலுமாரியும் போதும்.

போன மாதம் மூன்று மாணவர்களோடு ஒரு மூத்தம்மாவிடம் போனோம். முதலில் "எனக்கு என்ன பாட்டு வரும் தம்பி, சும்மா போங்கோ" என்றார். தேத்தண்ணி வந்து, கதை வந்து, பிறகு பாட்டும் வந்தது. இருபது நிமிடம். நடுவில் இரண்டு இடத்தில் வரி மறந்து நின்றார். பிள்ளைகள் எதுவும் பேசாமல் காத்திருந்தார்கள், அவருக்கே திரும்ப வந்தது. முடித்ததும் ஒரு கட்டளை போட்டார்: "இதை இன்ரநெட்டில போடக் கூடாது. என்ர குரலை ஊர் ஆம்பிளையள் கேக்கிறதில்லை." சரி என்றோம். அது இரண்டு பென்டிரைவில் இருக்கிறது, ஒன்று அவருடைய மகளிடம், ஒன்று எங்களிடம். அவர் சொல்லாமல் எங்கும் போகாது. பதிய முதல் கேளுங்கள், பதிந்த பிறகும் கேளுங்கள்.

ஆனால் பாடி முடித்துவிட்டு அவர் வெற்றிலைக்குப் பாக்கு இடித்தார். சின்னப் பாக்குரலில் டொக், டொக்-டொக் என்று. பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "இதைப் போடலாமா மூத்தம்மா?" என்று ஒருவன் கேட்டான். "பாக்கு இடிக்கிறதையா? உங்களுக்கு வேற வேலையில்லையா?" என்று சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தச் சத்தத்தை வெட்டி எடுத்து ஆறு தட்டில் போட்டு, அதன்மேல் தன் குரலால் ஒரு ஹம்து பாடி முடித்திருக்கிறான். வேறு வாத்தியம் ஒன்றும் இல்லை. மூத்தம்மாவுக்கு ஹெட்செட் மாட்டிவிட்டோம். இரண்டாவது தடவையும் போடச் சொன்னார்.

வரும் சனிக்கிழமை லுஹருக்குப் பிறகு எங்கள் வீட்டு முன் விறாந்தையில் இரண்டு மணி நேரம் உட்கார நினைக்கிறோம். பழைய லப்டொப் இரண்டு இருக்கிறது, ஒடாசிட்டி போட்டு வைத்திருக்கிறோம். எந்தப் பாடசாலைப் பிள்ளையும் வரலாம், எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம். பெண்பிள்ளைகளோடு உம்மாவோ அம்மாவோ கூட வந்தால் நல்லது, தேத்தண்ணி எங்கள் பொறுப்பு. வயர் உள்ள ஹெட்செட்டும், வீட்டில் பதிந்த ஒரு சத்தமும் கொண்டுவாருங்கள். உரல், கிணற்றுக் கப்பி, கோழி, எதுவானாலும் சரி.